அறுபது நொடியில் ஒரு மண்டி

வணக்கம் சார்,

உங்கள் தளத்தை நான்கு வருடமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. வெளியிட்டால் பெயர் போட வேண்டாம். காரணம் கடிதத்திலேயே தெரியும்.

ஊர் காவேரிப்பட்டணம். அப்பாவுக்கு மாங்காய் மண்டி. ஓசூரில் ஒரு கம்பெனியில் மூன்று வருடம் குவாலிட்டியில் வேலை பார்த்தேன். எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான கேட் (CAT) எழுதி, இந்த ஜூனில் பெங்களூரில் ஒரு பிசினஸ் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறேன். போன வாரம் முழுக்க ஓரியன்டேஷன். நேற்று ராத்திரி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், "ஒரு வாரமா என்ன சொல்லிக் குடுத்தாங்க?" யோசித்துப் பார்த்துவிட்டு, "என் பேரைச் சொல்லச் சொல்லிக் குடுத்தாங்கப்பா" என்றேன். சிரித்துக்கொண்டே லோடு இறக்கப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நிஜமாகவே அவ்வளவுதான் சார். ஏழு நாளில் பதினோரு தடவை என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். பேராசிரியர்கள் முன்னால், சீனியர்கள் முன்னால், கிளப்காரர்கள் முன்னால், ஒரு தடவை ரிசார்ட்டில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு. ஆளுக்கு அறுபது நொடி. பெயர், ஊர், வேலை, கடைசியாக உங்களைப் பற்றி சுவாரசியமாக ஒன்று. முதல் நாள் அப்பாவுக்கு மாங்காய் மண்டி என்று நான் சொன்னதும் பக்கத்தில் இருந்த டெல்லிப் பையன் "ஓ, அக்ரி சப்ளை செயின்!" என்றான். கைதட்டினார்கள். அன்றிலிருந்து நான் மேங்கோ கேர்ள்.

எனக்கு மென்டாராக வந்த இரண்டாம் வருட அக்கா நல்லவர். தனியாக உட்கார வைத்துச் சொன்னார்: "இதுதான் உன் யுஎஸ்பி, உன்னைத் தனியா காட்டுற விஷயம். சின்ன ஊரு, பொண்ணு, ஃபேமிலில ஃபர்ஸ்ட் கிராஜுவேட், மாங்காய். இதை ஒரு ஸ்டோரியா பில்ட் பண்ணு." நான் முதல் பட்டதாரி இல்லை, அத்தை பி.எஸ்சி. படித்தவர் என்றேன். "அத்தை கணக்குல வராது" என்றார்.

நடுவில் ஒரு ராத்திரி ஒரு சீனியர் புரொஃபசர் மாதிரி வந்து, விடிவதற்குள் முப்பது பக்கம் எழுதித் தரவேண்டும், இல்லையென்றால் மார்க் போய்விடும் என்று மிரட்டினார். பாதிப் பேர் அழுதோம். காலையில் எல்லாம் நாடகம் என்று சொல்லிச் சிரித்தார்கள்.

சார், நாளை முதல் வகுப்பு. பன்னிரண்டாவது தடவை எழுந்து நிற்க வேண்டும். மேங்கோ கேர்ள் பொய் இல்லை. ஆனால் அதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவின் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது. நீங்களும் எங்கள் பக்கத்து மண்டிக் குடும்பம், இதே படிப்பு படித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள்?

தங்கள் வாசகி,
காவேரிப்பட்டணம்

*

அன்புள்ள காவேரிப்பட்டணத்து வாசகிக்கு,

கடிதம் ஞாயிறு மதியம் வந்தது. நாளைக் காலைக்குள் பதில் வேண்டும் என்பதால், கேஆர்பி அணைக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி வைத்திருந்த விருந்தாளிகளைத் தனியாக அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். முதலில் அந்த அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். போலிப் புரொஃபசர் நாடகம் பழைய வழக்கம். 1997இல் எங்களுக்கும் நடந்தது. எங்கள் ஆளுக்கு ஒட்டுமீசை வேறு. அடுத்த வருடம் அந்த மீசையை நான்தான் ஒட்டிக்கொண்டேன், அதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை. கயிறு கட்டி மரம் தாண்டுவதைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. எங்கள் காலத்தில் அதற்குப் பதில் கபடி.

அந்த அக்கா ஏன் முதல் வாரமே கதை கட்டச் சொல்கிறார் என்பதை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். அவரைத் தப்பாக நினைக்க வேண்டாம். இரண்டு வருடப் படிப்பு என்று பெயர். ஜூனில் சேர்ந்தால் அக்டோபர், நவம்பரிலேயே அடுத்த கோடைக்கான இன்டர்ன்ஷிப் நேர்காணல் பெரும்பாலான இடங்களில் வந்துவிடும். அதில் நன்றாகச் செய்தவர்களுக்கு அங்கேயே வேலையும் கிடைக்கலாம். ஆக உங்களைச் சந்தைக்குக் கொண்டுபோக அவர்கள் கையில் இருப்பது நாலைந்து மாதம். அதற்குள் ஒரு பக்கத்தில் நீங்கள் யார் என்று அச்சடித்தாக வேண்டும். அந்தப் பக்கத்திலாவது ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேட்பார்கள். பல வளாகங்களில் மாணவர் கமிட்டியே சான்றிதழை வாங்கிச் சரிபார்க்கிறது, பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயச் சான்றிதழ் வரைக்கும். அறுபது நொடிப் பேச்சுக்கு ஆதாரம் கேட்க ஆள் இல்லை. வினை அங்கேதான்.

இன்னொன்று, நீங்கள் சேர்ந்திருக்கும் இடமே கதையால் ஓடும் இடம். நாளை முதல் உங்கள் கையில் கேஸ் கொடுப்பார்கள், ஒரு கம்பெனியின் பிரச்சினையைக் கதையாக எழுதிய பாடம். ஹார்வர்டில் 1908இல் பிசினஸ் ஸ்கூல் தொடங்கியபோது, பக்கத்தில் சட்டக் கல்லூரியில் வழக்குகளை வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து இவர்கள் எடுத்துக்கொண்ட முறை இது. 1961இல் அகமதாபாத்தில் ஐஐஎம் தொடங்கியபோது ஹார்வர்டு கைகொடுத்தது, கூடவே கேஸும் வந்தது. எல்லாக் கேஸும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஆரம்பிக்கும். ஒரு மேலாளர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். திங்கட்கிழமைக்குள் அவர் ஒரு முடிவு எடுக்க வேண்டும். அவருடைய கவலையைப் பத்துப் பக்கம் படிப்பீர்கள். அட்டவணைகள் எல்லாம் கடைசியில் இருக்கும். விற்பனை, கடன், கையிருப்பு. விவரமான மாணவர்கள் கேஸைப் பின்னாலிருந்து படிப்பார்கள். ஜன்னலோரத்து மனிதர் எதற்காகக் கவலைப்படுகிறார் என்பது அவர் வாயால் வருவதைவிட அங்கே நன்றாகத் தெரியும்.

இனி நான் என்ன சொன்னேன் என்பது.

நான் சேர்ந்தது வடக்கே. வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் ஆறு பேர், அதில் ஐந்து பேர் மெட்ராஸ். என் முறை வந்தபோது எனக்கு முன்னால் பேசியவன் இமயமலை ஏறியவன், அவனுக்கு முன்னால் பேசியவள் தேசிய அளவில் நீச்சல். எழுந்து நின்றேன். தருமபுரி மாவட்டத்திலிருந்து வருகிறேன், தமிழ்நாட்டிலேயே பின்தங்கிய மாவட்டம் என்றேன். (அப்போது கிருஷ்ணகிரி தருமபுரியில்தான் இருந்தது, 2004 பிப்ரவரியில்தான் பிரிந்தது. அந்தப் 'பின்தங்கிய' எனக்கு ரொம்பவே கைகொடுத்தது.) என் அப்பா சந்தூரிலிருந்து போச்சம்பள்ளி சந்தைக்கு மாங்காய்க் கூடையைத் தலையில் சுமந்து நடந்து, அதில் வந்த காசில் என்னைப் படிக்கவைத்தார் என்றேன். அறை அமைதியானது. பிறகு கைதட்டல், இமயமலைக்குக் கிடைத்ததைவிடப் பலமாக.

நடந்தது இது. அப்பாவுக்குப் பதினான்கு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுவண்டியின் அச்சு முறிந்தது. தாத்தாவோடு சேர்ந்து இரண்டு கூடையை இறக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனார்கள். ஒரே ஒரு நாள். எனக்கு நினைவு தெரிந்தபோது அப்பாவுக்குக் கிருஷ்ணகிரியில் சொந்த மண்டி, அம்பாசடர் கார், வெள்ளைச் சட்டை.

அச்சு முறிந்ததும் நிஜம், கூடையும் நிஜம். அதனால்தான் எனக்கு உறுத்தவில்லை. உறுத்த ஆரம்பித்தது டிசம்பரில்.

முதல் பருவத்தில் கணக்கியல் படித்த திமிரில், விடுமுறைக்கு வந்தபோது அப்பாவின் பேரேட்டை எடுத்து வைத்து லாப நட்டம் போட்டேன். உங்களுக்கு நான் மண்டி சொல்லித் தரத் தேவையில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் தை, மாசியில் மா பூக்கும்போதே தோப்புக்காரருக்கு மண்டியிலிருந்து முன்பணம் போய்விடும். மருந்தடிக்க, தண்ணீர் பாய்ச்ச, வீட்டில் கல்யாணம் இருந்தால் அதற்கும். காய் இந்த மண்டிக்குத்தான் வர வேண்டும் என்பது பேச்சு. எழுத்து கிடையாது. வைகாசி, ஆனியில் பெங்களூரா ரக மாங்காய் கூழ் ஃபேக்டரிக்கு டன் கணக்கில் போகும், ஃபேக்டரிக்காரர் பணம் தர ஆவணியும் ஆகும். அது வரைக்கும் தாங்குவது மண்டிக்காரர்.

அப்பாவின் பேரேட்டில் இரண்டு விகிதம் இருந்தது. முன்பணம் வாங்காத தோப்புக்காரருக்கு நூற்றுக்கு ஆறு ரூபாய் கமிஷன். வாங்கியவருக்குப் பத்து. ஒரு லட்சம் முன்பணம் வாங்கியவர் மூன்று லட்சத்துக்குக் காய் போட்டிருந்தார். அந்த அதிகப்படி நாலு ரூபாய் மட்டும் 12,000. ஒரு லட்சத்துக்கு ஆறு மாதத்தில் 12,000 என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். அந்த வருடம் எங்கள் மண்டியின் லாபத்தில் பாதிக்கு மேல் அந்த நாலு ரூபாயில் வந்தது.

அப்பாவிடம் காட்டினேன். "வட்டியா? நான் யார்கிட்டயும் ஒத்தப் பைசா வட்டி வாங்கினதில்லையே" என்றார். பொய் சொல்லவில்லை, அவர் அப்படித்தான் நம்பினார். காய்ப்பு பொய்த்த வருடங்களில் யாரையும் நெருக்கியதில்லை, அடுத்த தை வரை காத்திருந்தார். பூவை நம்பிப் பணம் தர வேறு ஆளும் இல்லை. அதற்காக அது வட்டி இல்லை என்றாகிவிடாது.

நான் வகுப்பில் கூடை சுமந்தவரின் மகன். பேரேட்டில் கடன் கொடுத்தவரின் மகன். என் படிப்புக்குப் பணம் வந்தது எந்தப் பக்கத்திலிருந்து என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் ஒன்றேகால் வருடம் கூடைக் கதையையே சொன்னேன். அவ்வளவு நன்றாக வேலை செய்தது. மூன்று நேர்காணலில் அதைச் சொல்லி இரண்டில் வேலை கிடைத்தது. கூடைகளின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போனது.

1999 மார்ச்சில் பட்டமளிப்பு விழா. அப்பா வேட்டி சட்டையில் வந்திருந்தார். புல்வெளியில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது என் அறை நண்பனின் அம்மா, கான்பூர்க்காரர், அப்பாவிடம் வந்து இரண்டு கையையும் கூப்பி இந்தியில் பேச ஆரம்பித்தார். அத்தனை வருடம் தலையில் சுமந்தீர்களே, உங்களைப் போன்ற தகப்பனைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்கிற மாதிரி. அப்பாவுக்கு இந்தி தெரியாது. என் முகத்தைப் பார்த்தார். மொழிபெயர்க்க அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை.

"இந்த வருசம் மாங்காய் எப்படின்னு கேக்கறாங்க" என்றேன்.

"பூ நல்லாத்தான் எடுத்துச்சு, பனி விழுந்து கொட்டிப்போச்சுன்னு சொல்லு" என்றார் அப்பா.

அதை இந்தியில் என்னவாகச் சொன்னேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரயிலில் இரண்டு நாள் அப்பா அதைப் பற்றிப் பேசவில்லை. ஜோலார்பேட்டையில் இறங்கி, பர்கூர் வழியாகப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து டிக்கெட் வாங்கிய பிறகு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்: "மாங்காய் கொட்டிப்போனதுக்கு அந்தம்மா எதுக்கு அழுதுச்சு?"

நான் தூங்குகிற மாதிரி இருந்துவிட்டேன். அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது.

அதனால் உங்களுக்கு உறுத்துகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது, எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. நீங்கள் ஏழாவது நாளிலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

நாளைக்கு என்ன சொல்வது? பெயர், காவேரிப்பட்டணம், ஓசூரில் மூன்று வருடம் குவாலிட்டி. அந்த மூன்று வருடத்தை உங்கள் கடிதத்திலேயே ஒற்றை வரியில் தாண்டிவிட்டீர்கள், கவனித்தீர்களா? எது தேறும், எது கழிவு என்று பார்த்துச் சொன்ன வேலை. யாருடைய சட்டையும் இல்லை, உங்களுடையது. அப்பா மண்டி வைத்திருக்கிறார் என்றும் சொல்லுங்கள், மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் மண்டிக்காரர் மகள் என்றால் விவசாயி மகள் என்று அந்த அறையில் பாதிப் பேர் எடுத்துக்கொள்வார்கள். அப்படி எடுத்துக்கொண்டால் திருத்துங்கள். பூவில் பணம் கொடுத்துக் காயில் எடுக்கிற தொழில் என்று ஒரு வரி போதும். டெல்லிப் பையன் அதற்கும் ஓர் ஆங்கிலப் பெயர் வைப்பான், வைக்கட்டும். நேரம் மிச்சம் இருந்தால் அத்தையைச் சொல்லுங்கள்.

பெங்களூருக்கு விடிகாலை பஸ்தானே? ராத்திரி லோடு ஓய்ந்த பிறகு அப்பாவிடம் பேரேட்டில் தை மாசப் பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டுவாரோ மாட்டாரோ. காட்டினால், இப்போது உங்கள் பக்கம் என்ன விகிதம் ஓடுகிறது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நாங்கள் மண்டியை விட்டு இருபது வருடம் ஆகிவிட்டது.