பெரிய குட்டியா, நல்ல குட்டியா?

கேள்வி: டாக்டர் ஐயா, எங்களிடம் 16 பெட்டை வெள்ளாடுகள் இருக்கின்றன. அவற்றோடு இணைசேர்க்க வைத்திருக்கும் பொலிகிடாவுக்கு வயதாகிவிட்டது. அதற்குப் பிறந்த இரண்டு கிடாக்குட்டிகள் நிற்கின்றன. ஒன்று ஒற்றைக் குட்டி, பிறந்தபோது 2.5 கிலோ, 110-ஆம் நாளில் 13.5. மற்றது இரட்டையில் ஒன்று. பிறந்தபோது 2 கிலோ, 80-ஆம் நாளில் 11. பெரியதைப் பொலிக்கு வைப்போம் என்கிறார் மாமனார். சரியா?

- வாசகி, உசிலம்பட்டி

பதில்: பிறந்த எடையை எழுதி வைத்திருக்கிறீர்களே அம்மா, அதற்கே உங்களைக் கும்பிட வேண்டும்.

இரண்டையும் ஒரே வயதுக்குக் கொண்டுவந்து பாருங்கள். பெரியது 110 நாளில் 11 கிலோ ஏறியிருக்கிறது. நாளுக்கு 100 கிராம். அந்தக் கணக்கில் 90-ஆம் நாள் எடை 11.5 கிலோ. சின்னது 80 நாளில் 9 கிலோ ஏறியிருக்கிறது. நாளுக்கு 112 கிராமுக்கு மேல். 90-ஆம் நாளில் 12 கிலோவைத் தாண்டிவிடும். அதுவும் தாய்ப்பாலைக் கூடப்பிறந்ததோடு பங்கு போட்டுக்கொண்டு! சின்னதுதான் நல்ல குட்டி.

அமெரிக்காவில் இறைச்சி மாட்டுக் கன்றுகளையும் இப்படித்தான் பார்க்கிறார்கள். எல்லாக் கன்றுகளையும் 205-ஆம் நாள் எடைக்குக் கணக்கிடுவார்கள். தலையீற்று மாட்டுக்குப் பால் குறைவு என்பதால் அதன் கன்றுக்குக் கொஞ்சம் எடை கூட்டிக்கொள்வார்கள். ஒரே மேய்ச்சலில் வளர்ந்தவற்றைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிடுவார்கள். அப்புறம் 365-ஆம் நாள் எடை. ஒரு வயதுக் காளைக்கு விதைப்பைச் சுற்றளவு 30 செ.மீ.க்குக் குறைந்தால் பொலிக்கு வைக்க மாட்டார்கள்.

நம் பக்கம் நடப்பது நேர்மாறு. திருமங்கலம் சந்தைக்குப் போனால் எனக்கு மனசு கனத்துவிடும். வேகமாக வளர்ந்த கிடாக்கள் எல்லாம் கறிக்கும் கோயில் வெட்டுக்கும் விலையாகிப் போகின்றன. விலை போகாத நோஞ்சான் வீட்டில் நின்று பொலிகிடா ஆகிறது. பத்து வருஷம் இப்படிச் செய்தால் மந்தை சிறுக்காமல் என்ன செய்யும்?

சின்னதற்கு இரண்டு விதையும் இறங்கி ஒரே அளவில் இருக்கின்றனவா, மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்துகின்றனவா என்று தடவிப் பாருங்கள். ஆனால் அது உங்கள் கிடாவின் பிள்ளை. உங்கள் பெட்டைகளில் பல அதற்கு அக்கா தங்கச்சியாக இருக்கும். ஆகவே அதை உங்கள் மந்தையில் சேர்க்காதீர்கள். எடை எழுதி வைக்கும் வேறொருவரிடம் கொடுத்து, அவருடைய நல்ல கிடா ஒன்றை மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த ஈற்றிலும் குட்டிகளைக் காலையில் பால் குடிக்கும் முன், சாக்கில் போட்டுத் தொங்கு தராசில் நிறுத்துவிடுங்கள்.