மகன் பையில் நார்கான்

கேள்வி: கல்லூரி விடுமுறைக்கு வந்த மகனின் துணிகளைத் துவைக்க எடுத்தபோது, பையில் ‘நார்கான்’ மூக்கு ஸ்ப்ரே இருந்தது. போதை மருந்து அளவு மீறினால் கொடுப்பது என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. அவனிடம் கேட்கவும் பயம். – வாசகி, நியூ ஜெர்சி

பதில்: அம்மா, நார்கான் போதை மருந்து இல்லை, ஹெராயின், ஃபென்டனில் போன்ற ‘ஓபியாய்டு’ வகைப் போதை மருந்துகளுக்கான முறிவு மருந்து. மயங்கிக் கிடப்பவர் தனக்குத்தானே அடித்துக்கொள்ள முடியாது, பக்கத்தில் இருப்பவர்தான் அடிக்க வேண்டும். அதனால் உங்கள் மகன் அறைத்தோழனை நினைத்துக்கூட வைத்திருக்கலாம். என் காரிலும் ஒன்று கிடக்கிறது. 2023 முதல் இது மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. உங்கள் மாநிலத்தில் 14 வயதும் அதற்கு மேலும் ஆன யாரும் திட்டத்தில் சேர்ந்த பார்மசிகளில் பெயர்கூடச் சொல்லாமல் இலவசமாக வாங்கலாம்.

பரீட்சைக்குக் கண்விழிக்க ‘அடெரால்’ என்று யாரோ கொடுக்கும் போலி மாத்திரையில் ஃபென்டனில் கலந்திருந்தால், பார்த்தோ ருசித்தோ கண்டுபிடிக்க முடியாது. 2 மில்லிகிராமே உயிரைப் பறிக்கலாம்.

அளவு மீறியதன் அடையாளம் இதுதான்: ஆள் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, தொண்டையில் கரகரவென்று சத்தம். குறட்டை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் உயிர் போகிறது. உதடு நீலமாகும் என்று படித்திருப்பீர்கள். நம் நிறத்துக்கு அது சாம்பல் பூத்தது போலத் தெரியும், நகத்தையும் பாருங்கள். நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தும் அசைவில்லை என்றால் 911 அழைத்து, ஒரு மூக்குத் துளையில் ஸ்ப்ரேயை அடியுங்கள். ‘வேலை செய்கிறதா’ என்று முன்னால் அழுத்திப் பார்க்கக் கூடாது, உள்ளே இருப்பது ஒரே டோஸ். 2, 3 நிமிடத்தில் மூச்சு சீராகாவிட்டால் மறு துளையில் இன்னொன்று. மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். ஸ்ப்ரேயின் வேகம் 30 முதல் 90 நிமிடத்தில் அடங்கிவிடும், உள்ளே போன சரக்கு அதற்குப் பிறகும் இருக்கலாம். காரணம் வேறாக இருந்தால்? ஸ்ப்ரேயால் கெடுதல் இல்லை.

சரி, பழக்கம் அவனுக்கே இருந்தால்? நம்மவர்கள் உடனே எடுக்கும் முடிவு, ‘ஆறு மாசம் ஊருக்கு அனுப்பி, தாத்தா பாட்டியோடு வைப்போம்.’ இதை நான் ரொம்பப் பயப்படுகிறேன். நிறுத்திய நாட்களில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். திரும்பி வந்து பழைய அளவை ஒரே ஒரு தடவை எடுத்தாலும் உயிருக்கே ஆபத்து. இந்தப் பழக்கத்திலிருந்து மீள பியூப்ரினார்ஃபின், மெத்தடோன் என்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா’ என்பார்கள், காதில் வாங்காதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுவது போலத்தான். மெத்தடோனுக்கு உரிமம் பெற்ற கிளினிக்குக்குப் போக வேண்டும். பியூப்ரினார்ஃபின் எழுத மருத்துவர்களுக்கு முன்பு தனி அனுமதி தேவைப்பட்டது, 2022 டிசம்பரில் அது ரத்தானது. உங்கள் குடும்ப டாக்டரே எழுதித் தரலாம். தயங்கினால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

இப்போதைக்கு விசாரணை வேண்டாம். பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, சாப்பிடும்போது, “பையில ஒரு ஸ்ப்ரே இருந்துச்சே கண்ணா, எப்படி அடிக்கணும்னு எனக்கும் காட்டேன்” என்று கேளுங்கள்.