நல்லது செய்துவிட்டு ‘நான் இல்லை’ என்றால் அது பொய்யா?

தான் செய்த நல்லதைத் தானே மறைப்பதுதான் அடக்கப் பொய். 1997-இல் வெளியான ஓர் ஆய்வில் சீனா, கனடா நாடுகளின் 7, 9, 11 வயதுப் பிள்ளைகளுக்குக் கதை சொன்னார்கள்: ஒரு பிள்ளை நல்ல காரியம் செய்கிறது, டீச்சர் கேட்டால் இல்லை என்கிறது. கனடாப் பிள்ளைகளுக்கு அது பொய்தான், தப்புதான். சீனப் பிள்ளைகளோ வயது ஏற ஏற அதை மெச்சினார்கள். காரணம், வீடும் பள்ளியும் அங்கே அடக்கத்தை ஊட்டி வளர்ப்பது.

நம்ம சென்னை மார்கழிக் கச்சேரியையே பாருங்கள். பாடகரைப் பாராட்டினால் ‘எல்லாம் பெரியவங்க ஆசீர்வாதம்’ என்பார்; யாரும் அதைப் பொய்க்கணக்கில் சேர்ப்பதில்லை. (வேலைக்கான இன்டர்வியூவில் இந்தப் பதில் எடுபடாது, அது வேறு.)

அதற்காகச் சீனர்களுக்குப் பொய் சகஜம் என்று நினைக்க வேண்டாம்: தப்பு செய்துவிட்டு மறைத்ததை இரு நாட்டுப் பிள்ளைகளுமே மோசம் என்றார்கள்.