டிவி கேம் டிவியைத் தின்னுமா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. சோதனை முடிந்த கையோடு அவனுடைய சித்தப்பா ஒரு பாவித்த பிளேஸ்டேஷன் 4 கேம் பெட்டி வாங்கிக் கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு டிவி, 43 அங்குல எல்ஈடி. கனடாவில் இருக்கும் என் அண்ணா அனுப்பிய காசில் வாங்கியது. "டிவி கேம் அடித்தால் டியூப் போய்விடும், வயரைக் கழற்று" என்று மாமா ஒரு கிழமையாக ஒற்றைக் காலில் நிற்கிறார். மகன் போனில் எதையோ காட்டி அதெல்லாம் பொய் என்கிறான். போன சனிக்கிழமை அவன் வயரைச் செருகும்போது டிவிக்குப் பின்னால் சின்னதாக ஒரு நெருப்புப் பொறி வேறு பறந்தது. யார் சொல்வது சரி, ஐயா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: மாமா பொய் சொல்லவில்லை, தங்கச்சி. அவர் சொல்கிற டிவி இப்போது உங்கள் வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

டியூப் டிவியின் கண்ணாடிக்கு உள்பக்கம் பொஸ்பர் பூசியிருப்பார்கள். பின்னாலிருந்து வரும் இலத்திரன் கற்றை பட்டால் அது ஒளிரும். ஒரே இடத்தில் ஒரே வெளிச்சம் மணிக்கணக்கில் பட்டால் அந்த இடம் மட்டும் சீக்கிரம் கிழடாகிவிடும். அப்புறம் டிவியை அணைத்தாலும் அந்த உருவத்தின் தடம் தெரியும். அந்தக் காலத்து விளையாட்டுகளில் புள்ளிக் கணக்கும் சுவரும் கோடும் அசையாமல் ஒரே இடத்தில்தான் நிற்கும். செய்தவர்களுக்கும் இது தெரியும். 1977இல் வந்த அட்டாரி பெட்டியில், விளையாடாமல் விட்டால் திரையின் நிறங்கள் தானாக மாறிக்கொண்டே இருக்கும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று செய்ததல்ல, டியூபைக் காப்பாற்றச் செய்தது. நிண்டெண்டோ தன் கைநூலிலேயே புரொஜெக்ஷன் டிவியில் இதைப் போடாதீர்கள், திரை நிரந்தரமாகக் கெடலாம் என்று எழுதியிருந்தது. அந்த வகை டிவியில் மூன்று சின்ன டியூப்கள் உயிரைக் கொடுத்து எரியும், தடம் விழ அதிக நேரம் வேண்டாம். என் வாழ்நாளில் நான் கழற்றிப் பார்த்தது இரண்டே இரண்டு.

ஆனால் கொழும்பில் இந்தப் பயம் பரவியதற்கு வேறு ஒரு காரணமும் இருக்கிறது என்பது என் எண்ணம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு டிவி திருத்தும் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் 21 அங்குல டிவியைக் கட்டிலில் விரிக்கும் சீலையில் சுற்றி, முச்சக்கர வண்டியில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். "தம்பி, பிள்ளைகளின் டிவி கேம் கலரை எல்லாம் தின்றுவிட்டது" என்றார். மேசையில் வைத்து அன்டெனாவைச் செருகினேன். ரூபவாஹினி பளிச்சென்று கலரில் ஓடியது. மனுஷன் என்னை ஒரு மந்திரவாதியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். விஷயம் இவ்வளவுதான்: நம் நாட்டு ஒளிபரப்பு 'பால்' என்ற கலர் முறை (பசுப்பால் இல்லை). அவர் வீட்டுக் கேம் பெட்டி ஜப்பானிலிருந்து வந்தது, அது என்டிஎஸ்சி என்ற வேறு முறை. முறை பொருந்தாத பெட்டியைப் பழைய டிவியில் கொழுவினால் படம் கறுப்பு வெள்ளையில்தான் வரும். பெட்டியைக் கழற்றினால் கலர் திரும்பிவிடும். அவர் கழற்றிப் பார்க்கவே இல்லை, நேரே கடைக்கு வந்துவிட்டார். காசு வேண்டாம் என்று முதலாளி சொல்லியும் ஒரு பிளேன்டீக்கு வைத்துவிட்டுப் போனார். உங்கள் மாமாவின் காதில் விழுந்த கதைகளில் பாதி இப்படிப்பட்டதாக இருக்கும்.

சரி, உங்கள் டிவிக்கு வருவோம். எல்ஈடி என்று விற்பது உண்மையில் எல்சிடி திரைதான், பின்னால் எல்ஈடி விளக்குகள் வரிசையாக எரியும். அசையாத படம் பல மணித்தியாலம் நின்றால் சில பனல்களில் மங்கலான நிழல் தெரியும், பிறகு வேறு படம் ஓட ஓட அது போய்விடும். பிளாஸ்மா டிவி அப்படியில்லை. பம்பலப்பிட்டியில் ஒரு சலூனில் காலை முதல் இரவு வரை செய்தி ஓடிக்கொண்டிருந்த பிளாஸ்மா ஒன்று என்னிடம் வந்தது. திரை முழுக்கச் சிவப்பைப் போட்டுப் பார்த்தேன். அடியில் செய்தி ஓடும் பட்டி, மூலையில் மணிக்கூட்டின் சதுரம், இரண்டும் பச்சை குத்தியதுபோல் அப்படியே இருந்தன. அந்தக் கடையில் யாரும் கேம் விளையாடியதே இல்லை. ஆக, அசையாமல் நிற்கிற படம்தான் கேடு, அது எந்தப் பெட்டியிலிருந்து வந்தாலும்.

என்றைக்காவது ஓலெட் டிவி வாங்கினால் மட்டும் மாமாவின் பேச்சைக் கொஞ்சம் கேளுங்கள். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே தேயும். விளையாட்டில் மூலையில் நிற்கும் வரைபடமும் உயிர்க்கணக்கும் வருடக்கணக்கில் அதே இடத்தில் இருந்தால் தடம் விழலாம். அந்த டிவிகள் சில மணித்தியாலங்கள் ஓடி முடிந்து ரிமோட்டில் அணைந்திருக்கும்போது, தாமாகவே புள்ளிகளைச் சமப்படுத்திக்கொள்ளும். நம் வீடுகளில் கரண்ட் பில்லுக்குப் பயந்து உடனே சுவர் சுவிச்சையும் தட்டிவிடுகிறோம். ஓலெட்டில் மட்டும் அதைச் செய்யாதீர்கள்.

உங்கள் எல்ஈடியைக் கொல்லக்கூடியது பின்விளக்கு. "சத்தம் வருகிறது, படம் இல்லை" என்று என்னிடம் வருகிற டிவிகளில் அநேகமானவற்றுக்கு இதுதான் வருத்தம். அறையை இருட்டாக்கி, டோர்ச்சைத் திரைக்குக் கிட்டப் பிடித்துச் சாய்த்துப் பார்த்தால் உள்ளே படம் மெல்லியதாக ஓடிக்கொண்டிருக்கும். படம் உயிரோடு இருக்கிறது, விளக்குத்தான் செத்துவிட்டது. கடையில் ஆளைக் கவர்வதற்காக வைத்த பளிச்சென்ற படமுறையை வீட்டிலும் அப்படியே விட்டுவிடுகிறோம், விளக்கு நூற்றுக்கு நூறில் எரிகிறது. படமுறையைச் சாதாரணத்துக்கு மாற்றி, பின்விளக்கை 50, 60க்கு இறக்குங்கள். ஒரு நாள் கண் பழக வேண்டும், பிறகு வித்தியாசமே தெரியாது. மகன் மூன்று மணித்தியாலம் விளையாடினாலும் நீங்கள் மூன்று மணித்தியாலம் நாடகம் பார்த்தாலும் விளக்குக்கு ஒரே வேலைதான்.

இனி அந்தப் பொறி. உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது அது ஒன்றுதான். பிளேஸ்டேஷன் 4இன் கரண்ட் வயரில் இரண்டு முனைதான், எர்த் இல்லை. நிறைய டிவிகளும் அப்படித்தான். இந்த வகைப் பவர் சப்ளையில் மிகச் சிறிய கசிவு மின்சாரம் உலோகப் பாகங்களுக்கு வந்து நிற்கும், பழுதில்லாத பெட்டியிலும் வரும். டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும், புறங்கையால் தடவினால் எறும்பு ஊருவதுபோல் இருக்கும். ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் பெட்டியையும் டிவியையும் இணைக்கும் எச்டிஎம்ஐ வயரைச் செருகும் வாசலுக்குப் பின்னால் இருக்கும் சிப்புக்கு அது தாங்காது. செருகும்போது வெளி உலோகம் முதலில் தொட்டு, கசிவை வடியவிட வேண்டும் என்றுதான் அந்த வயரைச் செய்திருக்கிறார்கள். டிவிக்குப் பின்னால் இருட்டில் கையை விட்டுச் சரித்துக் குத்தினால் அந்த ஒழுங்கு குலைந்துவிடலாம். டிவியில் ஒரு வாசல் செத்துப் போகும், அல்லது பெட்டியின் சிப் போகும். என் மேசைக்கு அதிகம் வருவது பெட்டிதான்.

அதனால் மகனிடம் சொல்லுங்கள்: இரண்டையும் சுவரில் அணைத்து, பிளக்கைக் கழற்றி, முதலில் எச்டிஎம்ஐ, கடைசியில் கரண்ட். அதன் பிறகும் தொட்டால் சுள்ளென்று அடித்தால் எலக்ட்ரிஷியனைக் கூப்பிட்டு வீட்டின் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மரைன் டிரைவ் பக்கம் வீடென்றால் இன்னொன்று: உப்புக் காற்றில் எச்டிஎம்ஐ முனைகள் பச்சை பூத்துவிடும். அடிக்கடி கழற்றிக் கொழுவ ஆசைப்படாமல் ஒரே வயரை அதிலேயே விட்டுவிடுங்கள்.

இடி மின்னல் நேரத்தில் விளையாட்டு வேண்டாம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் வானம் கறுத்தால் இரண்டு பிளக்கையும் கழற்றி, அன்டெனா வயரையும் பிடுங்கிவிடுங்கள். அன்டெனா வழியாக டிவிக்குள் வரும் மின்னல் எச்டிஎம்ஐ வழியாகப் பெட்டிக்கும் போகும், இரண்டும் ஒன்றாகவே சாகும். 2022இல் பதின்மூன்று மணித்தியாலம்கூடக் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த மாதங்களில் கரண்ட் திரும்பி வந்த வேகத்தில் போன பவர் சப்ளைகளை நான் எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

கேம் பெட்டி நேரடியாக டிவியை உடைத்த கதையும் ஒன்று உண்டு. 2006இல் வந்த நிண்டெண்டோ 'வீ' என்ற கேம் பெட்டியின் ரிமோட்டைக் கையை வீசி விளையாட வேண்டும். மணிக்கட்டில் மாட்டும் கயிறு அறுந்து ரிமோட் பறந்து போய்த் திரையில் அடித்தது. ஒரு மாதத்துக்குள்ளேயே கம்பனி கயிற்றைத் தடிப்பாக்கி, சுமார் 32 லட்சம் கயிறுகளை மாற்றித் தர முன்வந்தது. உங்கள் மகன் தோற்றால் கொன்ட்ரோலரை எறிகிற பிள்ளையா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: ஜப்பானிலிருந்து நண்பர் கொண்டுவந்த பழைய பிளேஸ்டேஷன் 2 ஒன்று இருக்கிறது. பிளக்கை மட்டும் மாற்றிப் போட்டால் போதுமா? டிவிக்கு ஏதும் ஆகுமா?
- வாசகர், தெமட்டகொட

பதில்: டிவிக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் பெட்டி 'டப்' என்று ஒரு சத்தத்தோடு போய்விடலாம். ஜப்பான் கரண்ட் 100 வோல்ட், நம்முடையது 230. பெட்டியில், தனி அடாப்டர் இருந்தால் அதில், ஒட்டியிருக்கும் லேபலைப் பாருங்கள். 100-240 என்றிருந்தால் பிளக்கை மாற்றினால் போதும். 100 மட்டும் என்றிருந்தால் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வேண்டும். 100 வாட் தாராளம். வாங்குகிற கடையிலேயே மீட்டர் வைத்து வெளியில் வருவது 100தானா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.