வெப்சர்வீஸ்கான்டெக்ஸ்ட் ஏன் நல் (null) ஆக வருகிறது? – கடிதம்

வணக்கம் சார்,

எங்கள் அலுவலகத்தில் ஒரு பழைய சோப் சர்வீஸ் (எக்ஸ்எம்எல் செய்திகளால் பேசும் வெப் சர்வீஸ்) ஜாவா 8-இல் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஜாவா 17, டாம்கேட் 10 சர்வர் என்று மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. முதலில், சர்வீஸின் விவரக் கோப்பான டபிள்யூஎஸ்டிஎல்லிலிருந்து ஜாவா கோடை ஜெனரேட் செய்யும் டபிள்யூஎஸ்இம்போர்ட் என்ற கட்டளையே இல்லை என்றது. பில்ட் கருவியான மேவனில் ஒரு பிளகின் போட்டு அதைத் தாண்டிவிட்டேன். இப்போது கம்பைல் ஆகிறது, சர்வரும் எழுகிறது. ஆனால் முதல் அழைப்பிலேயே வெப்சர்வீஸ்கான்டெக்ஸ்ட் நல், அதாவது வெறுமை. கூப்பிடுபவர் யார், எந்த ஐபி என்பதையெல்லாம் அதிலிருந்துதான் எடுக்கிறோம். கூட வேலை செய்பவர், "ஜெனரேட் ஆன இன்டர்ஃபேஸிலேயே அதை ஒரு பாராமீட்டராகச் சேர்த்துவிடு, தொல்லை விட்டது" என்கிறார். செய்யலாமா?

இன்னொன்று. பழைய சர்வரிலேயே ஆடிட் பதிவை (யார் என்ன செய்தார் என்ற குறிப்பை) வேறு த்ரெட்டில் (தனியாக ஓடும் வேலை இழையில்) எழுதும் இடத்தில் இல்லீகல்ஸ்டேட்எக்ஸெப்ஷன் என்ற பிழை வரும். வேடிக்கை என்னவென்றால், சுமை ஏறும்போது சில பதிவுகள் சரியாக விழும். சர்வர் சும்மா இருக்கும்போது ஒன்றுகூட விழாது. இரண்டும் ஒரே சிக்கலா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

இரண்டும் வேறு வேறு. முதலாவது ஒரு வரியில் தீர்ந்துவிடக்கூடியது. இரண்டாவதுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும்.

டபிள்யூஎஸ்இம்போர்ட் எங்கே போனது என்பதிலிருந்தே தொடங்கலாம், உங்கள் நல்லுக்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஜாவா 6 முதல் ஜேடிகேயோடு கூடவே வந்த கருவி அது. 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11-இல் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் (சோப் சர்வீஸ் நூலகம்), ஜாக்ஸ்பி (ஜாவா ஆப்ஜெக்டை எக்ஸ்எம்எல்லாக மாற்றும் நூலகம்) எல்லாவற்றையும் ஜேடிகேயிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள். பலர் கவனிக்காத விஷயம், அதே மூட்டையில் ஜாவாக்ஸ் அனொட்டேஷன் பேக்கேஜில் இருந்த ரிசோர்ஸ் என்ற அனொட்டேஷனும் (இந்த ஃபீல்டில் கான்டெக்ஸ்டைச் செலுத்து என்று சொல்லும் குறி) போனது. கம்பைல் ஆகவில்லையே என்று எல்லோரும் அதற்கு ஒரு ஜாரை (ஜாவா நூலகக் கோப்பை) தனியாக இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். நீங்களும் போட்டிருப்பீர்கள்.

அப்புறம் 2020 டிசம்பரில் ஜகார்த்தா இஇ 9 (ஜாவா சர்வர்களுக்கான தர வரையறை) வந்தது. ஜாவாக்ஸ் என்று தொடங்கிய பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தா என்று மாறின. டாம்கேட் 10 அந்தப் புதிய பெயர்களைத்தான் பேசும். நீங்கள் வெப்சர்வீஸ்கான்டெக்ஸ்டைப் புதிய பேக்கேஜிலிருந்து இம்போர்ட் செய்திருப்பீர்கள், இல்லையென்றால் கம்பைலரே கத்தியிருக்கும். ஆனால் அதன் தலைமேல் நிற்கும் ரிசோர்ஸ் பழைய பேக்கேஜிலேயே இருந்திருக்கும். பழைய ஜார்தான் இருக்கிறதே, கம்பைலருக்கு ஒரு குறையும் இல்லை. ஓடும் நேரத்தில் சர்வீஸை இயக்கும் புதிய ரன்டைம் ஜகார்த்தா ரிசோர்ஸைத் தேடுகிறது. ஜாவாக்ஸ் ரிசோர்ஸ் அதற்கு யாரோ எவரோ. தெரியாத அனொட்டேஷனைக் கண்டால் ஜாவா புகார் சொல்லாது, பேசாமல் தாண்டிப் போய்விடும். ஒரு எச்சரிக்கை வரிகூட லாகில் வராது. இந்த மௌனம்தான் ஆளைக் கொல்லும்.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ஜகார்த்தா அனொட்டேஷன் ஏபிஐ என்று பெயர் போட்ட ஜாரின் 1.3.5 பதிப்புக்குள்ளே இருப்பது பழைய ஜாவாக்ஸ் பேக்கேஜ்தான். 2.0-இலிருந்துதான் உள்ளேயும் பெயர் மாறியது. ஜார் பெயரைப் பார்த்து நம்பிவிடாதீர்கள், திறந்து பாருங்கள்.

சரி, உங்கள் நண்பரின் யோசனை. வேண்டாம். அடுத்த பில்டில் அது அழிந்துபோகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். டார்கெட் ஃபோல்டருக்குள் பிளகின் எழுதியதைக் கையால் திருத்துவது வீண் வேலை. அழியாமல் பார்த்துக்கொண்டாலும் அது ஓடாது. அந்த இன்டர்ஃபேஸில் இருக்கும் ஒவ்வொரு பாராமீட்டரும் சோப் செய்தியின் ஒரு பகுதி என்றுதான் ரன்டைம் எடுத்துக்கொள்ளும். வெப்சர்வீஸ்கான்டெக்ஸ்டை எக்ஸ்எம்எல்லாக மாற்றச் சொல்லி ஜாக்ஸ்பியிடம் கொடுக்கும். அது ஒரு இன்டர்ஃபேஸ், இன்டர்ஃபேஸை என்னால் கையாள முடியாது என்று ஜாக்ஸ்பி மறுத்துவிடும். டிப்ளாய்மென்ட்டிலேயே நின்றுபோகும்.

டபிள்யூஎஸ்டிஎல் சொல்வது கம்பியில் என்ன போகிறது, என்ன வருகிறது என்பதை மட்டும்தான். யார் கூப்பிட்டார் என்பது அதில் இல்லை, இருக்கவும் கூடாது. கான்டெக்ஸ்ட் போக வேண்டிய இடம், அந்த இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் செய்து நீங்களே எழுதிய கிளாஸ்.

ஜெனரேட் ஆன கோடின் வடிவம்தான் பிடிக்கவில்லை என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. ஐரோப்பிய ஆணையத்தின் வீஸ் சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். வாட் (மதிப்புக் கூட்டு வரி) எண் சரிதானா என்று சொல்லும் பொதுச் சேவை. அதன் டபிள்யூஎஸ்டிஎல்லை அப்படியே டபிள்யூஎஸ்இம்போர்ட்டில் கொடுத்தால் செக்வாட் என்று ஒரு மெத்தட் வரும். அது எதையும் திருப்பித் தராது! நாட்டுக் குறியீடு, எண், தேதி, சரியா தவறா, பெயர், முகவரி என்று ஆறு ஹோல்டர்களை (மதிப்பைப் போட்டுத் தரும் பெட்டிகளை) வாங்கிக்கொண்டு அவற்றுக்குள் பதிலை நிரப்பும். முதல்முறை பார்க்கிறவர்கள் மிரண்டுபோவார்கள். அதைக் கையால் திருத்தாமல், பைண்டிங் ஃபைலில் (ஜெனரேட் செய்வதற்கான அமைப்புக் கோப்பில்) ராப்பர் ஸ்டைலை, அதாவது செய்தியைப் பிரித்துத் தனித்தனிப் பாராமீட்டராக்குவதை, நிறுத்தச் சொல்லி ஒரு வரி எழுதிவிட்டு மறுபடி ஜெனரேட் செய்தால், ஒரு கோரிக்கைப் பொருளும் ஒரு பதில் பொருளுமாக ஒழுங்காக வரும். திருத்தம் பைண்டிங் ஃபைலில் இருப்பதால் எத்தனை முறை ஜெனரேட் செய்தாலும் கெடாது.

இனி உங்கள் ஆடிட் பதிவு. நீங்கள் வேடிக்கை என்று எழுதியதுதான் துப்பு. எண்ட்பாயின்ட் கிளாஸுக்கு, அதாவது அழைப்பை வாங்கும் நீங்கள் எழுதிய அந்தக் கிளாஸுக்கு, சாதாரணமாக ஒரே ஒரு ஆப்ஜெக்ட்தான் உருவாகும். எல்லா வாடிக்கையாளரும் அந்த ஒன்றின் மேல்தான் வருவார்கள். அப்படியென்றால் அதில் செலுத்தப்பட்ட கான்டெக்ஸ்ட் எப்படி ஒவ்வொருவருக்கும் வேறாக இருக்க முடியும்? அந்த ஃபீல்டில் இருப்பது கோரிக்கை அல்ல. "இந்த நேரத்தில், இந்த த்ரெட்டில் நடக்கும் கோரிக்கை எது" என்று தேடித் தரும் ஒரு இடைத்தரகர், அவ்வளவுதான். கோரிக்கை எதுவும் நடக்காத த்ரெட்டிலிருந்து கேட்டால் இல்லீகல்ஸ்டேட்எக்ஸெப்ஷன் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. ஆகவே உங்கள் ஆடிட் த்ரெட் பிழையோடு முறிவதில் ஆச்சரியமில்லை.

சுமை ஏறும்போது எப்படிச் சரியாகிறது? உங்கள் த்ரெட் பூலின் (த்ரெட்களின் தொகுப்பின்) அமைப்பைத் திறந்து பாருங்கள், காலர்ரன்ஸ்பாலிசி இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். வரிசை நிரம்பிவிட்டால் வேலையைக் கொடுத்தவரே செய்துகொள்ளட்டும் என்பது அதன் விதி. அப்போது ஆடிட் வேலை கோரிக்கையின் சொந்த த்ரெட்டிலேயே ஓடும், கான்டெக்ஸ்டும் கிடைக்கும். டெஸ்ட் சர்வரில் லோட் டெஸ்ட் போட்டுவிட்டு, பதிவெல்லாம் விழுகிறதே என்று யாராவது திருப்தியோடு கையெழுத்துப் போட்டிருந்தாலும் வியப்பில்லை.

இதற்கு, கோரிக்கை விவரத்தைத் தாங்கும் மெசேஜ்கான்டெக்ஸ்டையோ சர்வ்லெட் ரிக்வெஸ்டையோ அப்படியே அந்த த்ரெட்டுக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள். பதில் போனதும் டாம்கேட் அந்த ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்டை அடுத்தவருக்குப் பயன்படுத்திக்கொள்ளும். பயனர் பெயரை எண்ட்பாயின்ட்டின் ஒரு ஃபீல்டில் எழுதி வைப்பது இன்னும் மோசம். ஒரே ஆப்ஜெக்ட் என்றேனே, ஒருவர் செய்ததை இன்னொருவர் பெயரில் எழுதிவிடும். மெத்தட்டின் முதல் வரிகளில் பெயர், ஐபி இரண்டையும் வெறும் ஸ்ட்ரிங்காக எடுத்து ஒரு சின்ன ரெக்கார்டில் போட்டு, அதைப் பாராமீட்டராக உள்ளே அனுப்புங்கள். அதற்குப் பிறகு உள்ளே இருக்கும் எந்தக் கிளாஸுக்கும் வெப்சர்வீஸ்கான்டெக்ஸ்ட் என்ற பெயரே தெரிய வேண்டாம். கோ மொழியில் ஜிஆர்பிசி என்ற தொலை அழைப்பு முறைக்காக ஜெனரேட் ஆகும் சாதாரண அழைப்புகளில் கான்டெக்ஸ்ட்தான் முதல் பாராமீட்டராக வரும். நீட்டிமுழக்குகிறார்கள் என்று கேலி செய்வார்கள், எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. எது எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. (இடையில் ப்ராக்ஸி (இடைநிலை சர்வர்) இருந்தால் நீங்கள் எடுக்கும் ஐபி ப்ராக்ஸியுடையதாக இருக்கும், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.)

முதலில் ரிசோர்ஸின் இம்போர்ட் வரியை ஜகார்த்தாவுக்கு மாற்றி ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் நல் வந்தால், எண்ட்பாயின்ட்டை யாராவது நியூ போட்டு உருவாக்கியிருக்கிறார்களா, அல்லது கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே கான்டெக்ஸ்டைத் தொடுகிறார்களா என்று தேடுங்கள். கன்ஸ்ட்ரக்டர் முடிந்த பிறகுதான் செலுத்துதல் நடக்கும். இரண்டும் இல்லையென்றால் அந்தக் கிளாஸையும் மேவனின் போம் ஃபைலையும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.