இங்கிலாந்தின் இடைக்கால மேனர் வீடு என்பது கோட்டையா, வீடா? உள்ளே எப்படி இருக்கும்?

வீடுதான். ஆனால் கோட்டை வேஷம் போட்ட வீடுகளும் உண்டு. நான் நேரில் பார்த்த ஸ்டோக்சே கோட்டை அப்படிப்பட்டது. ஷ்ராப்ஷயரில், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மேனர் என்றால் வெறும் கட்டடம் இல்லை. நிலம், அதில் உழுத குடிகள், அவர்கள் மீது நிலக்கிழாருக்கு இருந்த அதிகாரம் எல்லாம் சேர்ந்தது. ஸ்டோக்சேயைக் கட்டிய லாரன்ஸ் ஆஃப் லட்லோ பரம்பரைப் பிரபு அல்ல, கம்பளி வியாபாரி. 1281-இல் இந்த இடத்தை வாங்கினார். 1291-இல் மதில் கட்டிக்கொள்ள மன்னர் முதலாம் எட்வர்டிடம் அனுமதியும் வாங்கினார். அகழி, கோபுரம் எல்லாம் உண்டு. ஆனால் கூடத்துச் சன்னல்களைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அவ்வளவு பெரிய சன்னல்களை வைத்துக்கொண்டு யாரோடு சண்டை போட முடியும்? காசு வந்துவிட்டது, ஊர் பார்க்கட்டும் என்று கட்டியது என்பதே என் கணிப்பு.

வீட்டின் உயிர் அந்தக் கூடம்தான். நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் பெரிய மர வளைவுகள் கூரையைத் தாங்குகின்றன. தரையின் நடுவில் எட்டுப் பட்டையாக ஒரு கணப்பு மேடை. புகைபோக்கி கிடையாது, புகை கூரை வழியாகத்தான் போக வேண்டும். சன்னலின் மேல்பாதிக்குத்தான் கண்ணாடி, கீழே மரக்கதவு. குளிரில் அதைச் சாத்திவிட்டால் இருட்டும் புகையும்தான் மிச்சம். ஒரு மூலையில் மரப்படிக்கட்டு ஏறுகிறது. அதன் ஒவ்வொரு படியும் பலகை இல்லை, முழு மரத்தை அறுத்த கட்டை. எழுநூறு வருஷத்துக்கு முந்தைய மரம். கால் வைக்கவே கூச்சமாக இருந்தது.

கூடத்தின் மறுகோடிக்கு அப்பால், மாடியில் எஜமானர் குடும்பத்தின் தனியறை. அதற்கு வெளியே முற்றத்திலிருந்துதான் படி. அந்த அறையின் கணப்புக்கு இருபுறமும் இரண்டு சின்னச் சன்னல்கள், கூடத்தைப் பார்த்தபடி. கீழே யார் என்ன செய்கிறார்கள் என்று மேலிருந்தே கவனிக்கலாம். பெரிய வீட்டுப் புத்தி எல்லா ஊரிலும் ஒன்றுதான்!

லாரன்ஸ் இதை ரொம்ப நாள் அனுபவிக்கவில்லை. 1294-இல் கம்பளி ஏற்றிப்போன கப்பல் மூழ்கி இறந்தார். பிரான்ஸோடு நடந்த போருக்காகக் கம்பளி மேல் ராஜா போட்ட வரிக்கு அவர் துணைபோயிருந்தார். அதனால் ஆடு வளர்த்தவர்கள் பெரிதாக அழவில்லை என்பார்கள்.

1645-இல் ராஜாவுக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போர் வாசலுக்கே வந்தபோது, உள்ளே இருந்த ராஜாவின் படை சண்டையே இல்லாமல் சரணடைந்ததால் வீடு தப்பியது. பிறகு குத்தகைக்கு எடுத்த விவசாயிகள் இதைச் சாமான் போட்டுவைக்கும் கிடங்காகப் பயன்படுத்தினார்கள். 1869-இல் லண்டன் கையுறை வியாபாரி ஆல்கிராஃப்ட் வாங்கிப் பழுது பார்த்தார், குடியேறவில்லை. கிடங்காகக் கிடந்த அந்தக் காலத்தில் பணக்காரர் யாராவது வந்து தங்கியிருந்தால், அந்தக் கூடத்துக்கு ஒரு புகைபோக்கியாவது வைத்திருப்பார்.