கார்த்திகையோடு நின்ற இரங்கூன் வரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஐயா (தாத்தா) கட்டிய வீட்டைப் பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து விற்கிறோம். சாமான் ஒதுக்கும்போது பெட்டகசாலையில் ஒரு பெரிய கணக்கு நோட்டு கிடைத்தது. மாதாமாதம் ‘இரங்கூன் வரவு’ என்று வருகிறது, விஷு வருஷம் கார்த்திகைக்குப் பிறகு அந்த வரவே இல்லை. உள்ளே ஜப்பான் அரசாங்கம் அச்சடித்த பத்து ரூபாய்த் தாள் ஒன்று. குண்டு விழுந்ததும் ஐயா புறப்பட்டு மாசியில் ஊர் வந்து சேர்ந்தார், அப்போது கொண்டு வந்தது என்று அப்பச்சி (எங்கள் அப்பா) சொல்வார்கள். இரண்டாம் கட்டு மாடி இன்னும் பூசாமல் செங்கலாகவே நிற்கிறது. அதுவும் யுத்தத்தாலா? இதையெல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள்.

அன்புள்ள தங்கைக்கு,

போட்டுவிடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

விஷு வருஷம் என்பது 1941 ஏப்ரலில் தொடங்கியது. பர்மாவின் தலைநகரான இரங்கூனில் முதல் குண்டு விழுந்தது அந்த டிசம்பர் 23, மார்கழி இரண்டாம் வாரம். 1942 மார்ச் 8-ல் ஜப்பான் படை ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. ஆக, கார்த்திகை வரவை எழுதியவருக்கு அதுதான் கடைசி என்று தெரிந்திருக்காது. அந்த வரியைப் படித்ததும் எனக்கு மனசு கனத்துவிட்டது.

மாடியை மட்டும் அவசரப்பட்டு யுத்தத்தின் தலையில் கட்ட வேண்டாம். 1930-ல் நெல் விலை விழுந்தபோது பர்மாவில் நம் செட்டியார்களின் வட்டிக்கடைகளில் கடன் வாங்கிய விவசாயிகளால் பணம் கட்ட முடியவில்லை, நிலம்தான் கைமாறியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ்ப் பர்மா வயலில் ஏறக்குறைய கால்பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது. நிலம் சேர்ந்ததே தவிர ரொக்கம் சுருங்கிவிட்டது. நிலத்தை இழந்த பர்மாக்காரர்களின் வயிற்றெரிச்சலும் இந்த வீடுகளின் கதையில் சேர்ந்ததுதான், அதை விட்டுவிட்டு தேக்குத் தூணை மட்டும் பேசுவது நியாயமில்லை. கொத்தனார் கூலியும் சுண்ணாம்புச் செலவும் கடைசியாக எந்த வருஷத்தில் வருகிறது என்று நோட்டில் பாருங்கள். யுவ, தாது வருஷங்களிலேயே (1935-37) நின்றிருந்தால் மாடியை நிறுத்தியது நெல் விலை. விஷு வரைக்கும் வந்தால் அப்பச்சி சொன்னது சரி.

இப்போது அந்தப் பத்து ரூபாய்த் தாள். அதில் ‘பி’ என்ற இங்கிலீஷ் எழுத்தில் தொடங்கும் குறி இருக்கிறதா? இருந்தால் பர்மாவுக்காக அச்சடித்தது, மலேயாவுக்கு அச்சடித்த ‘எம்’ தாள் ரூபாயில் இல்லை, டாலரில் இருந்தது. எப்படியானாலும், ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் தப்பி மாசியில் ஊர் சேர்ந்தவர் கையில் அது இருந்திருக்க வாய்ப்பில்லை. ஜப்பான் ஆட்சியில் அங்கேயே இருந்த யாரோ ஒருவர் கையில் புழங்கிய தாள் அது. 1945-ல் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அது வெறும் காகிதமாகிவிட்டது. முதலாளிகள் பலர் கப்பலில் இடம் பிடித்து வந்துவிட்டார்கள். கூலிக்காரர்கள் லட்சக்கணக்கில் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் காலராவிலும் மலேரியாவிலும் வழியிலேயே செத்தார்கள். கடையைப் பார்த்துக்கொள்ள, அதை நடத்திய மேலாளோ, அவருக்கு உதவியாக இருந்த அடுத்தாளோ, எடுபிடியான பெட்டியடிப் பையனோ பின்தங்கியிருக்கலாம்.

யுத்தம் முடிந்த பார்த்திப, விய வருஷத்துப் (1945-47) பக்கங்களைப் புரட்டுங்கள். யாருக்காவது சம்பளப் பாக்கி, வழிச்செலவு, வேட்டி எடுத்துக் கொடுத்த வகை என்று பற்று எழுதியிருக்கிறதா? வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குள் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். அந்தப் பெயர் கிடைத்தால் உடனே எனக்கு எழுதுங்கள்.